வீட்டுக்குள் ஃபைல் பகிர்வு வேலை செய்யவில்லையா? அடைப்பு எங்கே என்று முதலில் பார்ப்போம்

கேள்வியின் சாரம் இது: மேசைக் கணினியில் குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்திருக்கிறீர்கள். லேப்டாப்பும் அதே வீட்டில், அதே ரூட்டரில். இரண்டிலும் விண்டோஸ். லேப்டாப்பில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் மேசைக் கணினி சில நாள் தெரிகிறது, பல நாள் காணோம். தெரிகிற நாளில் திறந்தால் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. எதைப் போட்டாலும் தவறு என்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தும் பயனில்லை.

முதல் வேலையாக அந்த ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரை லேப்டாப் போய்ச் சேர்கிறது என்றால் பாதை திறந்துதான் இருக்கிறது. ஃபயர்வால் உங்களுக்குத் தடை இல்லை. அதை அணைத்தே வைத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அப்புறம், உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. பட்டியலில் பெயர் வராதது ஒன்று. பாஸ்வேர்டு ஏற்காதது இன்னொன்று. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, கண்ணில் படும் எல்லா செட்டிங்கையும் மாற்றிக்கொண்டே போவதில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறது. கடைசியில் எது சரியானது, எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

நெட்வொர்க் பகுதியில் தெரியும் பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள். அது நம்பத்தக்க பட்டியல் இல்லை. ஒவ்வொரு கணினியும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நெட்வொர்க்கில் அறிவிக்க வேண்டும், அடுத்த கணினி அந்த அறிவிப்பைக் கேட்க வேண்டும். அப்போதுதான் பெயர் வரும். அறிவிப்பு வந்து சேராவிட்டால் பெயர் வராது. ஆனால் கணினி அங்கேயே இருக்கும், ஷேரும் வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டவில்லை என்பதால் அவர் வீட்டில் இல்லை என்று ஆகாது அல்லவா, அதுபோல.

எனவே பட்டியலை விட்டுவிட்டு நேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். மேசைக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் ஐபிவி4 முகவரி (IPv4 Address) என்று ஒரு வரி வரும். நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் வீட்டு எண் அது. 192.168.1.20 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஷேர் செய்த ஃபோல்டர்கள் வந்து நின்றாலோ, பாஸ்வேர்டு கேட்டாலோ, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று பொருள். பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது இனி வசதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமே.

அந்த வசதியும் வேண்டும் என்றால் மேசைக் கணினியில் சர்வீசஸ் பகுதியைத் திறந்து, ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவையைத் தேடுங்கள். அறிவிப்பு கொடுக்கிற வேலை அதனுடையது. பெரும்பாலும் மேனுவல் என்று இருக்கும். அதனால்தான் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. அதை ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றி ஒரு முறை ஸ்டார்ட் கொடுங்கள். உங்களுடையதுபோல் "சில நாள் தெரிகிறது" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஷேர் இருக்கும் ஃபோல்டரை லேப்டாப்பில் ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டால் பட்டியலே தேவைப்படாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயம்: ரூட்டர் நாளைக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடக்கூடும். ரூட்டரில் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி (DHCP) பகுதியில் மேசைக் கணினிக்கு அந்த முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

சரி, முகவரியை அடித்தும் ஒன்றும் வரவில்லை, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 80070035 என்று முடியும் எண்ணோடு "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை" என்ற பொருளில் பிழை வருகிறது என்றால், அப்போதுதான் பாதையைச் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு இது வரவில்லை. ஆனால் இதே தலைப்பில் தேடி வருபவர்களுக்கு இந்த இடம்தான் முக்கியம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அதே ஐபிகான்ஃபிக் காட்டும் சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்குக்குப் பொதுவானது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றிருந்தால் முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 169.254 என்று ஆரம்பித்தால் அந்தக் கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளையோ வைஃபை இணைப்பையோ முதலில் கவனியுங்கள்.

ஒன்று 192.168.1.20, இன்னொன்று 192.168.0.14 என்று இருந்தால் வீட்டில் இரண்டு ரூட்டர் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி, கீழேயிருந்து கேபிள் இழுத்து அதன் வான் (WAN) துளையில், அதாவது இன்டர்நெட் கேபிளுக்கான துளையில் செருகினேன். மாடியில் இன்டர்நெட் அருமையாக வந்தது. மாடி லேப்டாப்பிலிருந்து கீழே இருக்கும் கணினியின் ஃபோல்டரைத் திறக்க முடிந்தது. கீழிருந்து மாடி லேப்டாப்பை மட்டும் எட்டவே முடியவில்லை. இரண்டு கணினிகளையும் புரட்டிப் போட்டுத் தேடினேன். கோளாறு இரண்டிலும் இல்லை. வான் துளைக்குப் பின்னால் இருக்கும் ரூட்டர் தனக்கென ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது. ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற பகிர்வைப் பார்த்தால் இந்த அமைப்பை மனதில் வையுங்கள். இரண்டாவது ரூட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் போதும், எல்லாக் கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிடும்.

முகவரிகள் ஒத்துப்போனாலும் ஒன்றையொன்று எட்டாமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு. யாராவது விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம். இன்டர்நெட் மட்டும் கொடுத்து மற்ற கருவிகளை மறைப்பதற்காகவே அது இருக்கிறது. சில ரூட்டர்களில் வைஃபை கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ஐசொலேஷன் என்ற தேர்வு இருக்கும், அதையும் பாருங்கள். அலுவலக நெட்வொர்க்கோடு இணைவதற்காகப் போட்ட விபிஎன் (VPN) ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு முயலுங்கள். மேசைக் கணினி தூங்கிப்போயிருந்தாலும் இதே பிழைதான் வரும். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் ஸ்லீப் நேரத்தைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் நிறைய.

ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையைக் கொடுத்துப் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கணினிக்கு ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிட்ட ஒரு வாசல் உண்டு, அதுதான் போர்ட். ஃபைல் பகிர்வு நடப்பது 445-ஆம் போர்ட்டில். அந்தப் போர்ட்டையே சோதிக்க வேண்டும். லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு மேசைக் கணினியின் முகவரியையும் போர்ட் 445 என்பதையும் கொடுங்கள் (Test-NetConnection 192.168.1.20 -Port 445). கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. ஃபால்ஸ் என்று வந்தால் மேசைக் கணினியின் ஃபயர்வால் மூடிவைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படி மூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விண்டோஸ் உங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ரயில் நிலைய வைஃபைக்குக் கொடுக்கிற மரியாதையை உங்கள் வீட்டுக்கும் கொடுக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பிரிவின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டும் ஆனில் இருக்கட்டும். ரூட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு மறுபடி பப்ளிக் ஆக்கிவிடும். "நேற்று வரை வேலை செய்தது, ரூட்டரைத்தான் மாற்றினோம், கணினியில் ஒன்றும் தொடவில்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கும் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கோளாறு, பாஸ்வேர்டு.

அந்தப் பெட்டி கேட்பது லேப்டாப்பின் பாஸ்வேர்டை அல்ல. வைஃபை பாஸ்வேர்டும் அல்ல. மேசைக் கணினியில் இருக்கும் ஒரு பயனரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. மேசைக் கணினியில் நீங்கள் தினமும் நான்கு எண் பின் போட்டு உள்ளே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பின் இங்கே செல்லாது. பின் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, நெட்வொர்க் வழியாக எடுபடாது. கைரேகையும் முகமும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே போகிறவராக இருந்தால் பயனர்பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும், பாஸ்வேர்டாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தும் ஏற்கவில்லையா? பாஸ்வேர்டை எப்போதோ இணையத்தில் மாற்றியிருப்பீர்கள், அதன் பிறகு மேசைக் கணினியில் பின் மட்டுமே போட்டு வந்திருப்பீர்கள். புதிய பாஸ்வேர்டு அந்தக் கணினிக்கே தெரிந்திருக்காது. ஒரு முறை பின்னுக்குப் பதிலாகப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்விட்டு வந்தால் தீர்ந்துவிடும்.

ஆனால் நான் பரிந்துரைப்பது வேறு வழி. மேசைக் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் பயனரை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம். பெயர் சிறிதாக, பாஸ்வேர்டு உறுதியாக இருக்கட்டும். பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள். காலிப் பாஸ்வேர்டு உள்ள பயனரை நெட்வொர்க் வழியாக உள்ளே விட விண்டோஸ் இயல்பாகவே மறுக்கும். அந்தப் பயனருக்குப் படங்கள் உள்ள ஃபோல்டரில் மட்டும் அனுமதி கொடுங்கள். லேப்டாப்பில் அந்தப் பெட்டி வரும்போது பெயருக்கு முன்னால் மேசைக் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் (\) சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் தன்னிடம் இருக்கும் பயனர் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பெட்டியின் அடியில் டொமைன் என்று லேப்டாப்பின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதுதான் நடக்கிறது. உங்கள் முதன்மைக் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் சேமிக்கப்படாமல் இருப்பதும் இந்த வழியில் ஒரு பெரிய நிம்மதி.

இதைச் செய்வதற்கு முன் லேப்டாப்பில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் மேசைக் கணினியின் பெயரிலோ முகவரியிலோ ஏதாவது சேமித்திருந்தால் நீக்கிவிடுங்கள். முன்பு ஒரு நாள் தவறாகப் போட்டுச் சேமித்த பாஸ்வேர்டை லேப்டாப் விடாமல் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். 1219 என்ற எண்ணோடு, ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்பெயர் பயன்படுத்த முடியாது என்ற பொருளில் பிழை வந்தால், பழைய இணைப்பு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. லேப்டாப்பில் சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

இந்த இடத்தில் இணையத்தில் இரண்டு அறிவுரைகள் தாராளமாகக் கிடைக்கும். பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்கை அணைத்துவிடு என்பது ஒன்று. எஸ்எம்பி 1-ஐ ஆன் செய் என்பது இன்னொன்று. எஸ்எம்பி (SMB) என்பது விண்டோஸ் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் மொழி, 1 அதன் மிகப் பழைய பதிப்பு. இரண்டையும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவதைச் செய்தால், உங்கள் வைஃபையில் இணைகிற யாரும், அவருடைய கருவியில் ஓடுகிற எந்தத் தீய நிரலும், பாஸ்வேர்டு இல்லாமலே அந்த ஃபோல்டருக்குள் வர வழி பிறக்கும். இரண்டாவது இன்னும் மோசம். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸில் எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. வீட்டுக் கணினிகளுக்குள் பகிர்வை எளிதாக்க விண்டோஸில் இருந்த ஹோம்குரூப் வசதியும் 2018-இல் எடுக்கப்பட்டது. அதனால் அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகளைப் படித்து இன்றைய கணினியில் தேடினால் பாதி விஷயம் இருக்காது.

எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பழைய நெட்வொர்க் டிஸ்க் (ரூட்டரில் நேரடியாக இணைத்து எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புக் கருவி) ஒன்று வீட்டில் இருந்தால்? முதலில் அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி 2 அல்லது 3 தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதில் உள்ளவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு டிஸ்க்குக்காக மற்ற எல்லாக் கணினிகளின் கதவையும் தளர்த்துவது சரியான பேரம் இல்லை.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியவுடன் நெட்வொர்க் டிஸ்க் திறக்கவில்லை என்பவர்களும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வீட்டில் ஏது நிறுவனம் என்று திகைத்துப்போவார்கள். விஷயம் இதுதான்: அந்த டிஸ்க் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினராக உங்களை உள்ளே விடப் பார்க்கிறது, புரோ பதிப்பு அதை இப்போது ஏற்பதில்லை. டிஸ்க்கின் அமைப்புப் பக்கத்தில் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள ஒரு பயனரை உருவாக்கி, அதைக் கொண்டு இணையுங்கள். விண்டோஸில் ஒன்றையும் தளர்த்த வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு ஏற்கப்பட்டு ஃபோல்டர் தெரிகிறது, ஆனால் உள்ளே போக அனுமதி இல்லை என்கிறது, அல்லது படங்களைப் பார்க்க முடிகிறது, புதிதாகப் போட முடியவில்லை என்றால், அது மூன்றாவது வகைச் சிக்கல். விண்டோஸில் இரண்டு அனுமதிகள் உண்டு. ஷேருக்கு ஒன்று, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கு ஒன்று. ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்று இரண்டு தனித்தனிப் பக்கங்களாக இருப்பது அதனால்தான். நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அட்வான்ஸ்ட் ஷேரிங்கில் புதிதாக ஷேர் செய்யும்போது எல்லாருக்கும் ரீட் மட்டும் என்றுதான் ஆரம்பிக்கும். செக்யூரிட்டி பக்கத்தில் முழு அனுமதி கொடுத்துவிட்டு, ஏன் எழுத முடியவில்லை என்று தேடுபவர்கள் ஷேரிங் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு நுணுக்கம். பத்து ஃபோல்டர்கள் திறக்கின்றன, பதினோராவது மட்டும் திறக்க மறுக்கிறது என்றால், அந்த ஒன்று அதே டிஸ்க்கின் வேறு இடத்திலிருந்து இழுத்துக்கொண்டுவந்து போட்டதா என்று யோசித்துப் பாருங்கள். காப்பி செய்தால் புதிய இடத்தின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். ஒரே டிஸ்க்குக்குள் மூவ் செய்தால் பழைய இடத்தின் அனுமதிகளோடேயே வந்து உட்காரலாம். செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டுக்குள் போய், மேல் ஃபோல்டரின் அனுமதிகளை உள்ளே இருப்பவற்றுக்கும் பொருத்தும் தேர்வைக் கொடுங்கள். ஷேர் ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள், முழு டிரைவிலும் வேண்டாம்.

வீட்டில் மேக் இருந்தால் அதன் ஃபைல் ஷேரிங் அமைப்பில் ஆப்ஷன்ஸுக்குள் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற பகுதியில் பயனரை டிக் செய்து பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் விண்டோஸிலிருந்து எந்தப் பாஸ்வேர்டும் எடுபடாது. லினக்ஸில் விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா (Samba) என்ற மென்பொருளுக்குத் தனிப் பாஸ்வேர்டு உண்டு, லாகின் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவும் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் படங்களை நகலெடுக்க ஆரம்பித்தவுடன் அந்தக் கேள்வி வரும். கேபிளில் இணைத்தும் வினாடிக்கு 11 அல்லது 12 மெகாபைட்டில் அப்படியே நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. கிகாபிட் இணைப்பில் 110 மெகாபைட் வரை வர வேண்டும். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலே இப்படி ஆகும். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள்.

உங்களைப் பொறுத்தவரை இப்போது செய்ய வேண்டியது: ஃபயர்வாலை ஆன் செய்வது, மேசைக் கணினியில் அந்தச் சேவையை ஆட்டோமேட்டிக் ஆக்குவது, பகிர்வுக்கென ஒரு லோக்கல் பயனர், லேப்டாப்பில் பழைய சேமிப்பை நீக்கிவிட்டு ஐபி முகவரி வழியாக நுழைவது. அரை மணி நேர வேலை. அப்படியும் நுழைய முடியவில்லை என்றால் இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகள், 445 சோதனையின் கடைசி வரி, பிழைச் செய்தியில் வரும் எண், இந்த மூன்றையும் அப்படியே எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் என்னால் ஊகிக்கத்தான் முடியும். அந்த எண் கையில் இருந்தால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.